அணைக்கக் கூடாத வண்டி

ஸ்பிரிதோனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் பத்தொன்பது குளிர்காலங்களை ஒரு வண்டிக்குக் காவல் இருந்தே தீர்த்துவிட்டான். அக்டோபர் நடுவில் சாவியைத் திருகிக் கிளப்பினான் என்றால் மார்ச் கடைசியில்தான் அதை அணைப்பான். இடையில் ஐந்தரை மாதம், அவன் சாப்பிட்டாலும் தூங்கினாலும் காய்ச்சலில் கிடந்தாலும், வாசலில் அது உறுமிக்கொண்டே நிற்கும். மனிதன் ஓயலாம், அது ஓயக் கூடாது. இதுதான் அவன் உத்தியோகம்.

எங்கள் ஊர் தலாக்தாவின் மருத்துவ நிலையத்து வண்டி அது. முழு ரொட்டிக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி இருப்பதால் ஊரில் எல்லோருக்கும் அது 'ரொட்டி'. மாவட்ட ஆஸ்பத்திரி இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி. நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோக எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். மற்றவர்கள் அவரவர் வண்டியை அடுப்பெரியும் மரக் கொட்டகையில் வைத்துக்கொள்கிறார்கள். ரொட்டிக்கும் அப்படி ஒரு கொட்டகை இருந்தது, எரிந்துபோயிற்று. புதிதாகக் கட்டித் தருவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது, கொட்டகையைத்தான் காணோம்.

கொட்டகை எரிந்த வருஷம் வேறொருவன் டிரைவராக இருந்தான். நாலு மணி நேரம்தானே, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அவன் ஒருநாள் வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனான். மைனஸ் ஐம்பதில் நாலு மணி நேரம் அணைந்து நின்றால் அதற்குப் பேர் வண்டி இல்லை, வெறும் இரும்பு. எண்ணெய் தாராக இறுகிவிடும், பேட்டரி செத்துவிடும். அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டு ப்ரகோபியின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். குடல்வால். ஊரே கூடி வண்டிக்கு அடியில் நெருப்பு மூட்டி, வெந்நீர் ஊற்றி, அது கண் விழிக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. அவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை. அந்த டிரைவர் பனி உருகும் முன்னே ஊரை விட்டே போய்விட்டான்.

அவன் இடத்துக்குத்தான் பக்கத்து ஊரிலிருந்து ஸ்பிரிதோன் வந்தான். வேலையில் சேர்ந்த முதல் நாள் ப்ரகோபி தெருவைத் தாண்டி வந்து வண்டியருகே நின்றார். அவர் இவனைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, உன்னை நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. என் ஜன்னல்லேர்ந்து பார்த்தா இதோட புகை தெரியும். அது தெரிஞ்சுக்கிட்டே இருந்தா எனக்குப் போதும்" என்றார்.

"தெரியும்ணே" என்றான் ஸ்பிரிதோன்.

ஒரு வார்த்தை சொன்னான், பத்தொன்பது வருஷம் மாட்டிக்கொண்டான். மனைவியை இழந்த மனிதரிடம் வேறு என்னதான் சொல்ல முடியும்? அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை, எட்டிப் பார்த்து அதட்டியதில்லை. ஜன்னலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் தினமும் வந்து நாலு வசவு வைதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்பான் ஸ்பிரிதோன்.

வண்டியை ஓடவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். தலையோடு கால் தடித்த கம்பளிக் கூடாரம் ஒன்றைப் போர்த்தி, ஓரங்களில் பனியை அணைத்து வைக்க வேண்டும். உள்ளே புகை அடைந்து யாரும் சாகாமல் இருக்க, சைலன்சரில் ஒரு தகரக் குழாயை மாட்டி வேலிக்கு வெளியே நிமிர்த்திவிட வேண்டும். மூன்று மணிக்கொரு தரம் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கொஞ்சம் உரக்க ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கில் கரி பிடிக்கும். இரண்டு டாங்கையும் நிரப்பினால் இரண்டு நாள் தாங்கும், ஆனாலும் அவன் தினமும் நிரப்பிவிடுவான். தூக்கத்திலும் ஒரு காது வாசலில்தான். வண்டி ஒரு தரம் செருமினால் போதும், பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவான்.

தெற்கேயிருந்து வந்த ஒரு டாக்டர், நல்ல மனிதர்தான், இவன் தேநீர் குடிக்க உள்ளே போன சமயத்தில் 'பாவம், மறந்துவிட்டார் போல' என்று சாவியைத் திருகி அணைத்து, கையோடு சாவியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஸ்பிரிதோன் அந்தச் சாவியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கோப்பையை வைத்துவிட்டு ஓடினான். நல்லவேளை, பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் சாவியைத் துவாரத்திலேயே விட்டு, யாரும் திருக முடியாதபடி சுற்றிக் கம்பி போட்டுக் கட்டிவிட்டான்.

அவன் மனைவி அகுலினா இந்த வண்டிக்கு 'இளையாள்' என்று பேர் வைத்திருந்தாள். பக்கத்து ஊரில் அவன் தம்பி கல்யாணம். போனவன் பாதி விருந்தில் எழுந்து வந்துவிட்டான். மாமனாரைப் புதைத்த அன்று கல்லறையடியில் எல்லோரும் நிற்க, அவன் வண்டிக்குள் உட்கார்ந்து அதை உறுமவிட்டுக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்து அழுதான். மகள் குன்னெய், அப்பாவுக்காகவே, கல்யாணத்தை ஜூன் மாதத்தில் வைத்துக்கொண்டாள். ஆனால் குழந்தை ஜூனுக்காகக் காத்திருக்குமா? டிசம்பரில் பிறந்தது, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, யாகூத்ஸ்க் நகரத்தில். பெண் குழந்தை.

ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் யாராவது பார்த்துக்கொண்டால் போய்விட்டு வரலாம். கடைக்காரன் செமியோனைக் கேட்டான்.

"நான் பாத்துக்கறேன், அதுக்கென்ன" என்றான் செமியோன். "ஆனா என் கையில நின்னுபோச்சுன்னா, ப்ரகோபி மூஞ்சியில நீ வந்து முழிப்பியா, நான் முழிக்கணுமா?"

"நிக்காதுப்பா."

"நிக்காதுன்னா நீ ஏன் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கே?"

மற்றவர்களும் இதையே வேறு வேறு மாதிரி சொன்னார்கள். அகுலினா மூட்டை கட்டினாள். பஸ் ஏறும்போது இவன் கையில் தூக்குச்சட்டியைத் திணித்தாள்.

"குதிரைக்கறி ரெண்டு நாளைக்கு வரும். அப்புறம் நீயே காய்ச்சிக்க. நீயும் உன் இளையாளும் நல்லா குடித்தனம் பண்ணுங்க, கிழவா."

"கோபிச்சுக்காதே அகுலினா. மார்ச் கடைசியில வந்து பாத்துடறேன்."

"மார்ச்ல அது குப்புற விழுந்துடும்" என்றாள் அவள். அதோடு பஸ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நகரத்திலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: "ஓடுதா?" இவன் கைபேசியை வாசல் பக்கம் நீட்டுவான். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு "சரி" என்பாள். பிறகுதான் பேத்தி பால் குடித்ததும் தும்மினதும். ஊர் கேட்கிற கேள்வியைத்தான் கட்டினவளும் கேட்கிறாள், நீ சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன் என்கிறாள் என்று ஸ்பிரிதோனுக்கு உள்ளுக்குள் ஒரு புண். யாரிடம் சொல்வது?

அப்படி ஒரு நாள், மைனஸ் ஐம்பத்து நாலு. முந்தின நாள் விறகு ஏற்றி வந்தபோது இடது முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டை பட்டென்று முறிந்துவிட்டது. இந்தக் குளிரில் இரும்பு பிஸ்கோத்து மாதிரி உடையும். மாற்றுப் பட்டை ஒன்று வைத்திருந்தான். நோயாளி எந்த நேரமும் வரலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. காலையில் அகுலினாவுடன் பேசி முடித்து, இரண்டு டாங்கையும் வழிய நிரப்பி, பிளக்குகளைத் துடைத்து மாட்டி, பத்து மணிக்கு ஜாக்கியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தான்.

ஓடுகிற வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் மாற்றுகிற முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு எவனும் செய்யமாட்டான். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வோம். அணைத்துவிட்டுச் செய்யலாமே என்ற நினைப்பே எங்களுக்கு வராது.

இடது சக்கரத்தைக் கழற்றிக் கூடாரத்துக்குள்ளேயே ஓரமாக உருட்டி வைத்தான். விளக்கைக் கொக்கியில் மாட்டி, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். ஜாக்கிக்குக் கீழே பலகை வைத்திருந்தான், தப்பில்லை. ஆனால் இரண்டு மாதமாக அதே இடத்தில் சூடான வண்டி நின்று நின்று, தரை உருகி உறைந்து, உருகி உறைந்து, கண்ணாடியாக வழவழத்துக் கிடந்தது. இரண்டாவது நட்டை அழுத்தி இழுத்தான். பலகை நழுவியது. ஜாக்கி சாய்ந்தது. அச்சின் நுனி இறங்கி, தரையில் ஊன்றியிருந்த அவன் இடது கையின் மேல் உட்கார்ந்தது.

சொட்டுத் தண்ணீர் விழுந்து விழுந்து அந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்ததால் எலும்பு நொறுங்கவில்லை. வலி மட்டும் தோளுக்கு ஏறியது. இழுத்தான், வரவில்லை. திருகினான், வரவில்லை. ஜாக்கி காலுக்கு அப்பால் உருண்டு கிடந்தது. ஸ்பேனரை நீட்டினால்கூட எட்டாது.

கத்தினான். "ப்ரகோபி அண்ணே, செமியோன், யாராவது வாங்க." முகத்துக்கு ஒரு சாண் மேலே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அதற்கு வெளியே கம்பளிக் கூடாரம், அதற்கு அப்பால் மூன்று அடுக்குக் கண்ணாடி போட்ட ஜன்னல்கள். யாருக்குக் கேட்கும்?

அவசரப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உறைந்து சாகப்போவதில்லை. இன்ஜின் சூடு மேலே இருக்கிறது, கூடாரம் மூடியிருக்கிறது. யாராவது வருவார்கள். வந்துதானே ஆக வேண்டும்?

வந்தார்கள். பன்னிரண்டு மணி இருக்கும். காய்ந்த பனியில் காலடி கிறீச்சிடுவது தரை வழியாகத் தெரிந்தது. ப்ரகோபிதான். அகுலினா போனதிலிருந்து அவர் நடுநடுவே அப்பம் சுட்டுக்கொண்டு வந்து கொடுப்பார். வீட்டுக் கதவைத் தட்டினார், ஒருதரம், இரண்டுதரம். ஸ்பிரிதோன் தொண்டை கிழியக் கத்தினான். வலக்கையில் இருந்த ஸ்பேனரால் சட்டத்தை அடித்தான். ஓடுகிற வண்டியில் அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

காலடி வண்டிப் பக்கம் வந்தது. கூடாரத்தின் ஓரத்தில் நின்றது. வெளியே அவர் யாரிடமோ, வண்டிச் சத்தத்தை மீறி உரக்கச் சொன்னது துண்டு துண்டாகக் கேட்டது.

"தூங்கறான் போல. பாவம், விடு. வண்டி ஓடுது பாரு, அதுபோதும்."

காலடி போய்விட்டது. ஸ்பிரிதோன் ஸ்பேனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல்கூட இல்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு? தலாக்தாவில் ரொட்டியின் புகை எழும்பினால் ஸ்பிரிதோன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அவனேதான் பத்தொன்பது வருஷமாக ஊரை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறான்.

தலைக்கு மேலே, டிரைவர் சீட்டில் விட்டுவிட்டு வந்த கைபேசி அடித்தது. இன்ஜின் சத்தத்தில் அது கேட்கவில்லை, தகரத்தின் நடுக்கத்தில் தெரிந்தது. அகுலினாவாகத்தான் இருக்கும். நின்றது. மறுபடி அடித்தது. காலையில் கேட்டது போதாமல், ஓடுதா என்று மறுபடி கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். ஓடுகிறது தாயே, நன்றாக ஓடுகிறது.

ஒரு மணிக்கு மேல் இடக்கையில் வலி குறைந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. வலி இருக்கிறவரை விரல் இருக்கிறது. மேலே சூடு என்றாலும் கை பதிந்திருப்பது பனிக்கட்டியில். விரலை அசைக்கப் பார்த்தான். அசைத்தானா இல்லையா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் முதன்முதலாக அந்த நினைப்பு வந்தது. இது நின்றுபோனால் வருவார்கள்.

நினைத்த மாத்திரத்தில் யாரோ கேட்டுவிட்டது போல அவனுக்கு உடம்பு கூசியது. ஆனால் நினைப்பு வந்த பிறகு போகவில்லை. பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்குமா? காலையில்தானே இரண்டு டாங்கையும் வழிய வழிய நிரப்பினான். பிளக்கில் கரி அடைத்து நிற்குமா? அதையும் துடைத்துத் தொலைத்துவிட்டான். கெட்டிக்கார டிரைவர். இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு ஒழுங்காக ஓடுகிற வண்டி கிடையாது. நாளை மறுநாள் வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும், புகை பாட்டுக்குப் போகும், ப்ரகோபி பாட்டுக்குத் தேநீர் குடிப்பார்.

தலையைச் சாய்த்தால், பெட்ரோல் பம்புக்குப் போகிற ரப்பர் குழாய் கண்ணுக்கு நேரே தெரிந்தது. வலக்கையை நீட்டினால் எட்டும். மடித்து இறுக்கிப் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் இன்ஜின் நின்றுவிடும்.

நின்றால் சூடும் நின்றுவிடும். மைனஸ் ஐம்பத்து நாலு உள்ளே வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் யாரும் பார்க்காவிட்டால் கதை முடிந்தது. பார்ப்பார்களா? ப்ரகோபி ஜன்னலில் இருப்பாரா? நர்ஸ் மார்ஃபா மருத்துவ நிலையத்து ஜன்னலிலிருந்து பார்ப்பாளா? மூன்று மணிக்கு இருட்டிவிடும். இருட்டிவிட்டால் புகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. ஆக, செய்வதென்றால் இப்போதே செய்ய வேண்டும். கூடாரத்தின் கிழிசல் வழியே விழுந்த வெளிச்சம் ஏற்கனவே மஞ்சளடித்துக்கொண்டிருந்தது.

குழாயைப் பிடித்தான், விட்டான். மறுபடி பிடித்தான். அந்த நேரத்தில் ஊரில் யாருக்காவது நெஞ்சுவலி வந்துவிட்டால்? யாராவது பிரசவ வேதனையில் கிடந்தால்? ப்ரகோபியின் மனைவியை அவன் ஒரே ஒருதரம்தான் பார்த்திருக்கிறான், சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு கடையில் நின்றாள். அந்தச் சால்வை ஞாபகம் வந்தது. ஆறு மணி நேரம். பத்தொன்பது குளிர்காலம். எத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான், எத்தனை பிள்ளை இந்த வண்டியிலேயே பிறந்திருக்கிறது. தன் பேத்தியை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குழாயை மடித்து இறுக்கினான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இன்ஜின் ஒரு செருமல் செருமியது. அந்தச் செருமலுக்கு உடம்பு தன்னால் எழப் பார்த்தது, பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். திணறியது, குலுங்கியது, நின்றுவிட்டது. விரல்களில் பலமில்லை, குழாய் கையிலிருந்து நழுவி விரிந்துகொண்டது.

அமைதி. எங்கோ ஒரு நாய் குரைத்தது. அவன் விட்ட மூச்சு உறைந்து காதோரத்தில் மெல்லச் சரசரத்து விழுந்தது. இந்தச் சத்தத்தைச் சின்ன வயதில் கேட்டது. கத்திப் பார்த்தான். நாலு மணி நேரம் கத்தின தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். எத்தனை பயமாக இருந்ததோ அத்தனை சுகமாகவும் இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டான்.

பதினோரு நிமிஷம். அதற்குள் ஊர் வந்துவிட்டது. ப்ரகோபி தொப்பியில்லாமல் ஓடி வந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். ஒரு கையில் இன்ஜினைச் சூடேற்றுகிற ப்ளோ லேம்ப். மார்ஃபா கொதிக்கிற தண்ணீரோடு, செமியோன் தன் வண்டியின் பேட்டரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இன்னும் நாலைந்து பேர். கூடாரத்தை முன்பக்கம் தூக்கினார்கள். எல்லோர் கண்ணும் இன்ஜின்மேல், சக்கரம் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நின்னுபோச்சு, நின்னுபோச்சு."

"இன்ஜினைத் தொட்டுப் பாரு. சூடு இருக்கா?"

"இந்த ஸ்பிரிதோன் எங்க போய்த் தொலைஞ்சான்?"

"குடிச்சுட்டு விழுந்து கிடப்பான்."

"அவன் குடிக்கமாட்டானே."

"பொண்டாட்டி இல்லேன்னா எல்லாவனும் குடிப்பான். தள்ளு, தள்ளு."

ஸ்பிரிதோன் அடியிலிருந்து காற்றாய்க் கத்தினான். யாரோ ஒருவர் கம்பளி பூட்ஸ் காலால் அவன் தொடையை மிதித்துவிட்டுப் பனி மூட்டை என்று நினைத்துத் தள்ளிவைத்தார். ப்ரகோபி சீட்டில் ஏறி, சாவித் துவாரத்துக் கம்பியைப் பிய்த்து, சாவியைத் திருகினார். இன்ஜின் இன்னும் ஆறவில்லை, குழாயோ விரிந்துவிட்டது. ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

"அப்பாடா" என்றாள் மார்ஃபா. ஆளாளுக்குச் சிரித்தார்கள். முதுகில் தட்டிக்கொண்டார்கள். செமியோன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கூடாரத்தைக் கீழே விடத் தொடங்கினார்கள்.

அட மடப் பசங்களா என்று ஸ்பிரிதோன் மனசுக்குள் அலறினான். வலக்கையை மறுபடி தூக்கினான். அது தன் கை மாதிரியே இல்லை. குழாயைப் பிடித்து, மடித்து, மணிக்கட்டை அதற்குமேல் வைத்து அழுத்தினான். இன்ஜின் செருமியது. திணறியது. நின்றது.

வெளியே பேச்சு நின்றது.

"பெட்ரோல் ஏறல" என்றார் ப்ரகோபி. அவருக்கு வண்டி தெரியும், பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர். "பம்ப்ல என்னமோ. விளக்கைக் குடு."

குனிந்தார். முழங்காலிட்டார். விளக்கோடு உள்ளே தலையை நீட்டினார். குழாயை அழுத்திக்கொண்டிருந்த கையை முதலில் பார்த்தார், பிறகு முகத்தை. இமையெல்லாம் பனி பிடித்த முகம்.

"இங்க என்னடா பண்றே?"

"ஸ்பிரிங் மாத்தறேண்ணே" என்றான் ஸ்பிரிதோன், காற்றாக.

"நீயா அணைச்சே? ஏண்டா அணைச்சே?"

அவர் முகம் போன போக்கை ஸ்பிரிதோன் சாகும்வரை மறக்கமாட்டான். கண்ணால் இடப்பக்கம் காட்டினான். விளக்கு அந்தப் பக்கம் திரும்பியது. ப்ரகோபி அச்சுக்கு அடியில் சிக்கிக் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பி, "ஜாக்கியை எடு. எல்லாரும் வாங்க, ஆளு உள்ள இருக்கான்" என்றார்.

எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். வெளியே இழுத்து, கோட்டைப் போர்த்தி, வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்புக்குத் தள்ளிக் கிடத்தினார்கள். தூக்கினவர்கள் ஒவ்வொருவரும் அதையேதான் கேட்டார்கள், ஏன் அணைச்சே, ஏன் அணைச்சே என்று. கேட்டது தப்பு என்று கொஞ்சம் பொறுத்துத்தான் அவர்களுக்கே உறைத்தது. மார்ஃபா கையைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டினாள். மூன்று விரல் சிவந்துகொண்டு வந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் மெழுகாக வெளுத்துக் கிடந்தன.

"மார்ஃபா, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. நான் அணைக்காம விட்டிருந்தா எப்ப வந்திருப்பீங்க?"

அவள் கட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண்.

"பெட்ரோல் தீர்ந்தப்புறம்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அங்கிருந்து நகரத்துக்கு அனுப்புவார்கள், விரலைக் காப்பாற்ற முடியுமா என்று அங்கேதான் சொல்வார்கள் என்றாள். வாசலில் பட்டையை மாற்றிச் சக்கரத்தை மாட்டுகிற சத்தம் கேட்டது. வண்டி அணைந்தே இருந்தது. ப்ரகோபிதான் சொன்னாராம், "மாட்டற வரைக்கும் அணைஞ்சே கிடக்கட்டும், இன்னும் சூடு இருக்கு, யாரும் கிளப்பக் கூடாது" என்று. அவர் உள்ளே வந்து ஸ்பிரிதோனின் கைபேசியை மேஜைமேல் வைத்தார்.

"உன் பொண்டாட்டி ஏழு தடவை கூப்பிட்டிருக்கா. என்னையும் கூப்பிட்டா. புகை வருது, நல்லாத்தான் இருக்கான்னு சொல்லிட்டேன்." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நான்தாண்டா சொன்னேன்" என்றார்.

"விடுங்கண்ணே."

"கதவைத் தட்டினேன். கூடாரத்தைத் தூக்கிப் பார்க்கத் தோணல." அவர் அங்கேயே நின்றார். "என் ஜன்னலைப் பாத்து இனிமே நீ பயப்படாதே. நான் பாத்துக்கிட்டே இருந்து உன்னைக் கட்டிப்போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். கைபேசி மறுபடி அடித்தது. மார்ஃபா எடுத்து அவன் காதில் வைத்தாள்.

அகுலினா வழக்கம்போல "ஓடுதா" என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கைபேசிக்குள் இருந்த அமைதியைக் கேட்கிறாள்.

"சத்தமே இல்ல" என்றாள்.

"இல்ல. நின்னுடுச்சு. நான்தான் அணைச்சேன்."

ஏன் என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தான். ஊரே கேட்டது, இவளும் கேட்கட்டும்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் அகுலினா. மூச்சு வாங்கிற்று அவளுக்கு. "கிழவா, சொல்லு, உனக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் ஸ்பிரிதோனுக்கு அழுகை வந்தது. அடியில் கிடந்த நாலு மணி நேரமும் வராத அழுகை. மார்ஃபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கையில கொஞ்சம் அடி. உசிருக்கு ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அங்கேர்ந்து நகரத்துக்கு அனுப்புவாங்களாம்."

"அந்தச் சனியன் ஓடுதான்னு நான் தினம் எதுக்குக் கேட்டேன்னு நினைச்சே? அது ஓடினா நீ இருக்கேன்னு அர்த்தம். நேரா கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவே. நீ எதைத்தான் நேரா சொல்லியிருக்கே?"

"அகுலினா, அது ஓடினதாலதான் யாரும் வரல."

அவளும் ப்ரகோபியைக் கேட்டு, புகை வருகிறது என்றதும் நம்பி உட்கார்ந்தவள்தானே. அவளுக்குப் பின்னால் குழந்தை சிணுங்கியது. அவன் அதைக் கேட்டான்.

வாசலில் ரொட்டி கிளம்பியது. செருமாமல், ஒரே சுற்றில். யாரும் கைதட்டவில்லை.

"இப்ப கேக்குது" என்றாள் அகுலினா. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று குரலே சொன்னது. "யாரு ஓட்டறது? நீ ஓட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

"ப்ரகோபி ஓட்டறார்" என்றான் ஸ்பிரிதோன். "நான் பின்னாடி படுத்துக்கிட்டு வரேன். பிள்ளையைத் தூங்க வச்சுடாதே."